உங்களுக்குத் தெரியுமா? பட்டாளத்துக்குப் பிறகு ஒரு பிழைப்பு

நாற்பதுக்குள் ஓய்வு

இந்திய ராணுவத்தில் சிப்பாயாகச் சேருகிறவர் 60 வயதுவரை அங்கே இருப்பதில்லை. 18, 19 வயதில் ஆள்சேர்ப்பு முகாமில் ஓடித் தேறி உள்ளே போகிறவர், மேல் பதவிகளுக்கு உயராவிட்டால் பெரும்பாலும் நாற்பதையொட்டிய வயதிலேயே ஊர் திரும்பிவிடுகிறார். பனிமலையில் ஏறவும் பாலைவனத்தில் நடக்கவும் இளைஞர்கள் வேண்டும் என்பதால், படையை இளமையாக வைத்திருப்பது அரசின் கொள்கை. முப்படைகளிலிருந்தும் ஆண்டுதோறும் சுமார் 60,000 பேர் இப்படி வெளியே வருகிறார்கள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் தாண்டாத வயது அது. வீட்டுக் கடன் பாதியில் நிற்கும். பெற்றோருக்கு மருந்துச் செலவு தொடங்கியிருக்கும். உடம்பிலோ இன்னும் இருபது ஆண்டு உழைக்கும் தெம்பு இருக்கும். ஊர் அவரை 'ரிட்டயர்டு' என்று அழைக்கிறது. அவரோ வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

பதினைந்து, இருபது

சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரையிலானவர்கள் பென்ஷன் பெற 15 ஆண்டுப் பணி வேண்டும். அதிகாரிகளுக்கு 20 ஆண்டு. இந்த 20 என்ற எண் பெண் அதிகாரிகளை நெடுநாள் வாட்டியது. 1992 முதல் அவர்களைக் குறுகிய காலப் பணிக்குத்தான் எடுத்தார்கள். பலர் 14 ஆண்டு உழைத்துவிட்டு, பென்ஷனுக்கு இன்னும் 6 ஆண்டு குறைகிறது என்ற நிலையில் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். பெண்களுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பளித்த பிறகுதான் ராணுவத்தில் அந்தக் கதவு அகலத் திறந்தது.

ஜனவரி 14 யாருடைய நாள்?

நமக்குப் பொங்கலையொட்டி வரும் ஜனவரி 14, நாடு முழுவதும் முன்னாள் படைவீரர் நாள். இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கே.எம். கரியப்பா 1953இல் ஓய்வு பெற்றது அந்த நாளில்தான். குடகில் பிறந்த அவர் கல்லூரிப் படிப்புக்கு வந்தது சென்னை மாநிலக் கல்லூரிக்கு. ஓய்வுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்தியத் தூதராக இருந்தார். ஃபீல்டு மார்ஷல் பட்டம் அவருக்கு வந்தது 1986இல், ஓய்வு பெற்று 33 ஆண்டு கழித்து.

அவருக்குப் பின் வந்த இன்னொரு குடகர் தளபதி கே.எஸ். திம்மய்யா. 1961இல் ஓய்வு பெற்ற அவரை ஐ.நா. சபை சைப்ரஸ் தீவின் அமைதிப் படைக்குத் தலைவராக அழைத்தது. 1965 டிசம்பரில் அங்கேயே, பணியில் இருக்கும்போதே காலமானார்.

குன்னூரில் குடியேறிய தளபதி

1971 போரின் நாயகர் சாம் மானெக்‌ஷா அமிர்தசரஸில் பிறந்த பார்சி. ஓய்வுக்கு அவர் தேர்ந்தெடுத்தது நீலகிரி. 1973 முதல் குன்னூரில் வாழ்ந்தார். ஃபீல்டு மார்ஷல்களுக்கு ஓய்வே கிடையாது, வாழ்நாள் முழுக்கப் பணியில் இருப்பவர்களாகவே கருதப்படுவார்கள். அப்படியிருந்தும் அதற்குரிய சம்பளப் பாக்கி அவருக்குப் பல ஆண்டுகள் வந்து சேரவில்லை. 2007இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவரை நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட காசோலை அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 92. மறு ஆண்டு ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். ஊட்டி பார்சி கல்லறையில் அடக்கம். ஃபீல்டு மார்ஷலுக்கே இவ்வளவு தாமதம் என்றால், ஹவில்தார் ஒருவரின் விதவை எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

'சூரரைப் போற்று' நாயகனின் அசல் வேலை

2020இல் வந்த அந்தப் படத்தில் சூர்யா ஏற்றது விமானப்படை அதிகாரி வேடம். படத்துக்கு ஊக்கமாக இருந்த கேப்டன் ஜி.ஆர். கோபிநாத் விமானப்படையில் இருந்தவர் அல்லர். அவர் தரைப்படை அதிகாரி. கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்துக் கோரூர்க்காரர். 1971 போரைக் கண்டவர். சுமார் எட்டு ஆண்டுப் பணிக்குப் பிறகு தானாகவே விலகினார். பென்ஷன் பெறும் காலம் ஆகவில்லை என்பதால் அந்த ஆதரவும் இல்லை.

ஊருக்கு வந்தவர் நேரே விமானக் கம்பெனி தொடங்கிவிடவில்லை. முதலில் விவசாயம். அணைக்கட்டில் மூழ்கிய குடும்ப நிலத்துக்கு மாற்றாகக் கிடைத்த வறண்ட பூமியில் கூடாரம் போட்டுத் தங்கி உழுதார். பட்டுப்புழு வளர்ப்பில் சுற்றுச்சூழலுக்கு ஏற்ற முறைகளைக் கையாண்டதற்காக 1996இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. 1997இல் இன்னொரு முன்னாள் ராணுவ அதிகாரியோடு சேர்ந்து ஹெலிகாப்டர் நிறுவனம் தொடங்கினார். 2003இல்தான் அவருடைய விமான நிறுவனமான ஏர் டெக்கான் பறந்தது. படையை விட்டு விலகியதற்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ கால் நூற்றாண்டு. சினிமா இரண்டரை மணி நேரத்தில் சொல்ல முடியாதது இந்த நடுப்பகுதிதான். படையிலிருந்து வரும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதைத்தான்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

இனி எல்லாரும் தினம் பார்க்கும் காட்சிக்கு வருவோம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல், வங்கியின் கதவு, மருத்துவமனையின் வண்டி நிறுத்துமிடம். நீலச் சட்டையில் விறைப்பாக நிற்கிறவரைக் கவனியுங்கள். காலணி பளபளக்கும், மீசை திருத்தமாக இருக்கும். அவர் லடாக்கில் தகவல் தொடர்புக் கருவிகளை ஓட்டியவராக இருக்கலாம், டாங்கியைப் பிரித்துச் சேர்த்த மெக்கானிக்காக இருக்கலாம், ஆயிரம் பேருக்கு ரேஷன் கணக்கு எழுதிய கிளார்க்காக இருக்கலாம். நம் ஊரில் அவருக்கு முதலில் கிடைப்பது கேட்டுக்குப் பக்கத்து நாற்காலிதான்.

காவல் வேலை கேவலமான வேலை அல்ல. அதை நேர்மையாகச் செய்து பிள்ளைகளை இன்ஜினியராக்கியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் 17 ஆண்டு ராணுவத்தில் கற்ற தொழிலை ஒரு வரியில் 'எக்ஸ் சர்வீஸ்மேன், செக்யூரிட்டி' என்று சுருக்கிவிடுவது அநியாயம். ஆள் எடுக்கும் நிறுவனங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "பட்டாளத்துல என்ன டிரேடு?" காலாட்படை, சமிக்ஞைப் படை, இஎம்இ எனப்படும் இயந்திரப் பராமரிப்புப் படை, மருத்துவப் படை என்று ஒவ்வொன்றிலும் கற்றுத் தேர்ந்த வேலை வேறு வேறு.

பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வுத் தலைமை இயக்ககம் ஓய்வுக்கு முன்பே பயிற்சி கொடுக்கிறது. அதிகாரிகள் ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் ஆறு மாத மேலாண்மைப் படிப்பு படிக்கலாம். ஜவான்களுக்கும் ஜேசிஓ எனப்படும் இளநிலை அதிகாரிகளுக்கும் பயிற்சிக் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கிறது. ஓய்வுக்கு ஓராண்டு முன்பே ஊரை மட்டும் நினைக்காமல் இந்தப் படிப்பையும் நினைப்பவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு, ஆனாலும் பட்டதாரிக்குச் சமம்

பத்தாம் வகுப்பு தேறி 15 ஆண்டுக்குக் குறையாமல் படையில் இருந்தவரை, பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசின் 'சி' பிரிவு வேலைகள் பலவற்றுக்குத் தகுதியானவராகக் கருத விதி இருக்கிறது. தொழில்நுட்பப் பட்டம் கேட்கும் வேலைகளுக்கு இது பொருந்தாது. இது தெரியாமலே விண்ணப்பம் போடாமல் விட்டவர்கள் ஏராளம்.

வயதுக் கணக்கும் அப்படித்தான். 39 வயதான ஒருவர் 19 ஆண்டு படையில் இருந்திருந்தால், அந்த 19ஐக் கழித்துவிட்டு 20 வயதுக்காரராக எடுத்துக்கொள்வார்கள். கழித்து வரும் வயது, அந்த வேலையின் உச்ச வரம்பை மூன்று ஆண்டுக்கு மேல் தாண்டக்கூடாது, அவ்வளவுதான்.

இடஒதுக்கீடு? மத்திய அரசின் 'சி' பிரிவில் 10 சதவீதம், பழைய 'டி' பிரிவில் 20 சதவீதம். பொதுத்துறை வங்கிகளிலும் நிறுவனங்களிலும் இது 14.5, 24.5 சதவீதம். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 5 சதவீதம். ஏட்டில் இவ்வளவு இருந்தும், தகுதியானவர் இல்லை என்ற காரணத்தால் இடங்கள் நிரம்பாமல் போவதுண்டு. வேலை தேடுகிறவர் ஒரு பக்கம், காலி இடம் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து வைக்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவைப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

இன்னொன்று. இந்த ஒதுக்கீட்டில் ஒரு நிரந்தர வேலையில் சேர்ந்துவிட்டால் சலுகை அதோடு முடியும். ஆனால் சேருவதற்கு முன்பே வேறு வேலைகளுக்கும் விண்ணப்பித்திருந்தால், சேர்ந்த கையோடு அந்தப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் அந்த விண்ணப்பங்களுக்குச் சலுகை நீடிக்கும். ஒரு தாள்தான். அதைக் கொடுக்காததால் நல்ல வேலையை இழந்தவர்கள் உண்டு.

டெக்ஸ்கோ

முன்னாள் படைவீரர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 1986இல் தொடங்கிய நிறுவனம் டெக்ஸ்கோ. பஞ்சாப் இதில் முந்திக்கொண்டது: அங்கே பெஸ்கோ 1978இலேயே வந்துவிட்டது. சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு, ஒரு கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 30 சதவீத மானியம் தரும் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024 சுதந்திர தினத்தன்று அறிவித்தது.

ராணுவப் பேட்டை

வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் போகிறார்கள். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்து அப்ஷிங்கே, ஆந்திரத்தின் மாதவரம், உத்தரப் பிரதேசத்தின் கஹமர் ஆகியவையும் இப்படிப்பட்ட ஊர்களே. இத்தகைய ஊர்களில் ஓய்வு பெற்று வருகிறவருக்கு ஒரு நிம்மதி உண்டு. அவர் ஏன் விடியற்காலை நாலரைக்கு எழுகிறார், ஏன் பட்டாசு வெடித்தால் சட்டென்று திரும்புகிறார் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தனியாக நகரத்தில் குடியேறுகிறவருக்கு அந்தத் துணை கிடைப்பதில்லை.

மலைக்கு மறுபடி பச்சை

டேராடூனுக்கு மேலே மசூரி மலைகள் ஒருகாலத்தில் சுண்ணாம்புக்கல் குவாரிகளால் வெளிறிக் கிடந்தன. அவற்றை மீட்க 1982 டிசம்பரில் ஒரு பட்டாலியனை எழுப்பினார்கள்: கர்வால் ரைபிள்ஸோடு இணைந்த 127ஆம் சூழலியல் பட்டாலியன். பிராந்திய ராணுவத்தைச் சேர்ந்த இந்தப் படையின் ஜவான்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற அந்தப் பகுதிக்காரர்கள். துப்பாக்கி பிடித்த கையில் மண்வெட்டி. குழி வெட்டி, கல் அடுக்கித் தடுப்பணை கட்டி, கன்று நட்டு, ஆடு மாடு மேயாமல் காவல் காத்தார்கள்.

நடுவதைவிடக் காப்பது கடினம் என்பது மரம் வளர்த்த யாருக்கும் தெரியும். ஒப்பந்தக்காரர் நட்டுவிட்டுப் போய்விடுவார். பட்டாலியன் அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கும். மொட்டையாக இருந்த அந்தச் சரிவுகள் மீண்டும் காடாயின. மறு ஆண்டே ராஜஸ்தானில் இந்திரா காந்தி கால்வாய்ப் பகுதிக்கு 128ஆம் பட்டாலியன் போனது. பிறகு பித்தோராகட், அசாம் என்று பரவியது. முன்னாள் படைவீரரின் ஒழுங்கையும் உடல் வலுவையும் ஊரின் தேவையோடு பொருத்திய திட்டங்களில் இதற்கு இணையாக வேறொன்றை நான் அறியேன். சீமைக்கருவேலம் மண்டிய நம் கண்மாய்களுக்கும் இப்படி ஒரு பட்டாலியன் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

குண்டடிக்குப் பிறகு ஒரு தங்கம்

முரளிகாந்த் பேட்கர், ராணுவத்தின் இஎம்இ படைப்பிரிவில் இருந்த குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சிகிச்சைக்காக நீந்தத் தொடங்கினார். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் 37.33 வினாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். ஒலிம்பிக்கோ பாராலிம்பிக்கோ, தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். பத்மஸ்ரீ வந்தது 2018இல், 46 ஆண்டு கழித்து.

புனே அருகே கிர்க்கி

போரில் உறுப்பு இழந்தவர்களின் மறுவாழ்வுக்கு இந்தியாவில் ஒரு முகவரி உண்டென்றால் அது புனேயும் அதையொட்டிய கிர்க்கியும்தான். முதல் உலகப் போரில் ஊனமுற்ற சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுத்தர 1917இல் பம்பாயில் தொடங்கிய குயின் மேரி தொழிற்பயிற்சி நிலையம் பிறகு கிர்க்கிக்கு மாறியது. செயற்கை உறுப்பு மையம் புனேயில் 1944 முதல் இயங்குகிறது. தண்டுவடக் காயத்தால் நடக்க முடியாமல் போனவர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974இல் கிர்க்கியில் வந்தது.

கும்பகோணத்து ஆனந்தன் குணசேகரன் 2008இல் காஷ்மீரில் கண்ணிவெடியில் காலை இழந்த ஜவான். செயற்கைக் காலோடு ஓடி 2019இல் வூஹான் நகரில் நடந்த உலக ராணுவ விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார். நாகாலாந்தின் ஹொகாட்டோ செமாவும் அப்படியே. 2002இல் கண்ணிவெடியில் கால் போனது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் குண்டு எறிதலில் வெண்கலம். அப்போது அவருக்கு 40 வயது.

படை கலைந்த பிறகு ஒரு டாக்டரம்மா

சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, சிங்கப்பூரில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றவர் கேப்டன் லட்சுமி. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இந்திய தேசிய ராணுவத்தினரை இந்திய ராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, சுதந்திரத்துக்குப் பிறகும்கூட. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் பலர் சத்தமில்லாமல் பழைய கூலி வாழ்க்கைக்கே திரும்பினார்கள். லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1971இல் வங்க அகதிகள், 1984இல் போபால் விஷவாயு என்று எங்கே துயரமோ அங்கே போனார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் காலையில் நோயாளிகளைப் பார்த்தார். 2012 ஜூலையில், 97ஆம் வயதில் காலமானார்.

நேபாளத்தில் இந்திய பென்ஷன்

இந்திய ராணுவத்தின் கூர்க்கா படைகளில் பணியாற்றி ஊர் திரும்பிய நேபாள வீரர்களுக்கு பென்ஷன் தர காத்மாண்டு, பொக்காரா, தரான் ஆகிய மூன்று இடங்களில் இந்தியத் தூதரகம் அலுவலகம் வைத்திருக்கிறது.

பாதி பென்ஷன் முன்கூட்டியே

ஓய்வு பெறும் ராணுவத்தினர் தங்கள் பென்ஷனில் 50 சதவீதம் வரை மொத்தத் தொகையாக முன்னதாக வாங்கிக்கொள்ளலாம். மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு 40 சதவீதம்தான். பிடித்தம் 15 ஆண்டு கழித்து நின்றுவிடும். 38 வயதில் வந்தவருக்கு 53இல் முழு பென்ஷன். மொத்தப் பணத்தைக் கண்டதும் ஊரில் நிலம், சீட்டு, மச்சான் தொழில் என்று கேட்டு வருகிறவர்கள் வரிசை கட்டுவார்கள். கையெழுத்துப் போடுமுன் வீட்டுக்காரம்மாவையும் உட்கார வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஒரே பதவி, ஒரே பென்ஷன்

எந்த ஆண்டில் ஓய்வு பெற்றாலும், ஒரே பதவிக்கும் ஒரே பணிக்காலத்துக்கும் ஒரே பென்ஷன் என்பது நாற்பதாண்டுக்கும் மேலான கோரிக்கை. 2015 நவம்பரில் ஆணை வந்தது, 2014 ஜூலை 1 முதல் கணக்கு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம். மருத்துவத்துக்கான ஈசிஎச்எஸ் திட்டம் 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. ஊனம் தொடர்பான பென்ஷன் மறுக்கப்பட்டால் 2009 முதல் இயங்கும் ராணுவத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதற்குச் சென்னையிலும் அமர்வு உண்டு. பென்ஷனே இல்லாமல் 65 வயது தாண்டிய ஹவில்தார் பதவி வரையிலான முன்னாள் வீரர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் தரும் வறுமை நிதியை 2025இல் மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தினார்கள்.

நான்கே ஆண்டு

2022 ஜூனில் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்த முதல் அணிக்கு 2026 இறுதியில் நான்கு ஆண்டு முடிகிறது. நாலில் ஒருவருக்கு மட்டுமே படையில் தொடர வாய்ப்பு. மற்றவர்கள் 11.71 லட்சம் ரூபாயோடு வெளியே வருவார்கள். பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீட்டை 2022இல் அறிவித்தார்கள். இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள் இவர்கள். வந்ததும் கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர இப்போதே இடம் பார்த்து வைப்பது பெற்றோரின் வேலை.

ஒரு தாள் இல்லாமல்

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. படையில் இருக்கும்போது கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் 'பார்ட் டூ ஆர்டர்' போட்டு ஆவண அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால், கணவர் இறந்தபின் குடும்ப பென்ஷனுக்கு மனைவி நடையாய் நடக்க வேண்டிவரும். டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் இன்னொரு பெயர் என்று இருந்தாலும் அதே கதிதான். ஆண்டுக்கொருமுறை வாழ்நாள் சான்று கொடுக்க மறந்தால் பென்ஷனே நின்றுவிடும். இப்போது பென்ஷன் 'ஸ்பர்ஷ்' இணையத்தளம் வழியாக வருவதால், ஊரில் இருக்கும் வயதானவர்களுக்குக் கைபேசி தெரிந்த ஓர் ஆள் துணை கட்டாயம் வேண்டும்.

முன்னாள் படைவீரரின் பிள்ளைகள் தொழிற்கல்வி படிக்க பிரதமரின் கல்வி உதவித்தொகை உண்டு: ஆண்டுக்கு 5,500 பேருக்கு, மாணவிக்கு மாதம் 3,000, மாணவனுக்கு 2,500 ரூபாய். பிளஸ் டூவில் 60 சதவீதம் போதும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பட்டாளத்திலிருந்து வந்தவர் இருந்தால், இந்த வாரமே அவருடைய டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் ஆணையையும் எடுத்துப் பாருங்கள். மனைவி பெயரும் பிறந்த தேதியும் அதில் சரியாக இருக்கிறதா? இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு போங்கள். அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற வேலை இது.